ஓரிரு இடங்களில்

பங்குனி இருபதுக்கு மேல்
வானத்தை நம்பிக் கல் அறுக்கக் கூடாதென்று
மேஸ்திரி தவமணிக்கும் தெரியும்.
முன்பணம் வாங்கியவளுக்குத்
தெரிந்து என்ன ஆகப் போகிறது?

மோனிஷா செல்போனில் வாசிக்கிறாள்:
அடுத்த ஏழு நாட்களுக்கு
மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில்
ஓரிரு இடங்களில்
இடியுடன் கூடிய லேசான மழை.
"ஓரிருன்னா ஒண்ணா ரெண்டாம்மா?"

எந்த இடம் என்று கேட்டுச் சொல்லடி.
காளவாசல் சிக்னல் என்றால் பெய்துகொள்ளட்டும்,
அங்கே பெயரில்தான் காளவாசல்.
இங்கே துவரிமான் கண்மாய்க்கு மேற்கே
நாலாயிரம் பச்சைக்கல்
வெறும் உடம்போடு படுத்திருக்கிறது.

திங்களன்று வெயில்.
வேறென்ன சொல்ல, நல்ல வெயில்.
காலையில் கிடத்திய கல்லை
மதியமே புரட்டிப் போட முடிந்தது.

செவ்வாய் மூன்று மணிக்கு
நாகமலையின் முதுகில் கறுப்பு ஏறியது.
தட்டான்கள் இடுப்புயரத்துக்கு இறங்கின.
இருப்பது இரண்டு தார்ப்பாய்.
ஒன்றின் கிழிசலைக் காசிமாயன்
தேர்தல் பேனரை வெட்டித் தைத்திருந்தான்.
யாரோ ஒரு வேட்பாளரின் கூப்பிய கை மட்டும்
கல்லுக்கு மேல் கும்பிட்டுக்கொண்டிருக்கும்.

மழை தெரிந்தது.
அக்கரைக் கருவேல மரங்களை
ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு
தண்ணீர்மேல் நடந்து வந்தது.
கொக்குகள் எழுந்தன.
நடுத்திட்டு வரை வந்துவிட்டு
அடுப்பை அணைக்க மறந்தவள் மாதிரி
சட்டென்று திரும்பி
மேலக்கால் பக்கம் போய்விட்டது.
எங்களுக்கு வந்தது மண்வாசம் மட்டும்.

அக்கரையில் எள் போட்டிருக்கும் வெயிலுமுத்து
துண்டை உதறித் தரையில் அடித்தது
இங்கிருந்தே தெரிந்தது.
அவர் மழை கேட்டுக் கும்பிடும் கருப்பனும்
நான் வெயில் கேட்டுக் கும்பிடும் கருப்பனும்
ஒரே கருப்பன்.
ஒரே அரிவாள், ஒரே சுருட்டு.
பாவம், யார் பேச்சைத்தான் கேட்பான்?

புதன் முழுக்கப் புழுக்கம்.
உப்பு டப்பா கசிந்தது.
ராத்திரி கொடைக்கானல் பக்கம்
சத்தமில்லாத மின்னல்.
ஒவ்வொரு வெட்டுக்கும்
களத்துக் கல்லெல்லாம் எழுந்து உட்கார்ந்து
மறுபடி படுத்துக்கொண்டன.
நானும்தான்.

வியாழக்கிழமைக்குச் செல்போனில்
முழு மஞ்சள் சூரியன், ஒரு மேகம்கூட இல்லை.
தார்ப்பாயை மடித்து வைத்துவிட்டு
ரேஷன் கடைக்குப் போனேன்.

ஏழு நிமிஷம்.

பாமாயில் பாக்கெட்டோடு ஓடி வந்தபோது
பல்லைக் காட்டிக்கொண்டு வெயிலே அடித்தது.
களத்து நடுவில் நின்றான் காசிமாயன்,
கால் வைக்க இடம் தெரியாதவனாக.
ஓரத்துக் கல்லெல்லாம் திரும்ப மண்.
ஆயிரத்து நூறு என்று எண்ணினாள் மோனிஷா.
மிச்சக் கல்லில் அம்மைத் தழும்பு:
சொட்டுச் சொட்டாக விழுந்த இடம்.

தவமணி ஒரு கல்லைத் தடவிப் பார்த்தார்.
"பூச்சுக்குள்ள போறதுதானே" என்றார்.
விலையில் மட்டும்
குழிக்குக் குழி கழித்துக்கொண்டார்.

வெள்ளியும் சனியும் எப்படியிருந்தன?
தெரியாது.
கரைந்த மண்ணைத் திரும்ப மிதித்துக் குழைத்து
அச்சில் அடித்துக்கொண்டிருந்தோம்.
குனிந்தவளுக்கு ஏது வானம்?

அந்தக் கல் சூளையில் வெந்து லாரி ஏறி
விளாங்குடியிலோ விராட்டிபத்திலோ
யார் வீட்டுச் சுவரிலோ நிற்கும்.
சிமெண்ட் பூசி, பெயிண்ட் அடித்து,
கடிகாரம் மாட்ட ஆணி இறக்குவார்கள்.
சிவப்பாகத் தூள் உதிரும்.
துடைப்பத்தால் தள்ளுகிறவர்களுக்குத் தெரியாது
அதில் கொஞ்சம் வியாழக்கிழமை மழை என்று.

ஞாயிறு சாயங்காலம்.
மேல்காற்று ஆடுகிறதா நிற்கிறதா என்று
சொல்ல முடியவில்லை.
மோனிஷா வாசிக்கிறாள்.
"அடுத்த வாரமும் ஓரிரு இடங்கள்தாம்மா."

சரி, போனை வை.
தார்ப்பாய் மூலைக்கு வைக்க
நாலு கல் எடுத்து வா.
வெந்த கல்லாகப் பார்த்து.