ஒன்பதாம் வகுப்பை யாரும் நடத்தவில்லை

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு இல்லை.
அறைவாசல் பலகையில் இருந்தது,
கட்டண ரசீதில் இருந்தது.
ஆனால் ஜூன் மாதமே கையில் கொடுத்துவிட்டார்கள்
பத்தாம் வகுப்புப் புத்தகங்களை.
ஒன்பதாவது புத்தகங்கள் டிரங்குப் பெட்டியின் அடியில்
பிரிக்காத வாசனையோடு கிடந்தன.
ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும்
பெரிய எழுத்தில் மூன்று வரி அச்சிட்டிருப்பார்கள்,
தேர்வில் வராது.

காலை நாலரைக்கு விசில்.
ராத்திரி படிப்பறை ஜன்னலுக்கு வெளியே
ரிக் லாரிகள் வடக்கே போகும்.
திருச்செங்கோட்டு மலைவிளக்கு மட்டும்
எதையும் மனப்பாடம் செய்யாமல் எரியும்.

அந்த இல்லாத வகுப்பில்தான்
எனக்குக் குரல் உடைந்தது.
"உள்ளேன் ஐயா" என்றால் பாதி எழுத்து கீழே விழும்.
"தவளை வந்திருக்குது" என்பார் வேதியியல் சார்,
சிரிக்காமல் டிக் அடித்தபடி.
என்ன குரலாக வந்து நிற்குமோ தெரியவில்லை.
அப்பாவுக்கு ஒரு குரல் உண்டு.
களத்திலிருந்து ஒரு சத்தம் போட்டால் வளவு வரைக்கும் கேட்கும்;
அவரைவிட மூத்தவர்கள்
துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு ஓடி வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு மூணு நிமிஷம்.
வார்டன் அறைக்கு வெளியே ஒரு ரூபாய் போன்.
"அம்மா" என்றேன்.
"ஆருங்க?"
"நாந்தாம்மா."
"ஆருங்க சாமி அது? என்ற பையன் கிருபாகிட்டக் குடுங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது.
பின்னால் நின்ற பூவரசன் கையில் திணித்தேன் ரிசீவரை.
அவனுக்கு இன்னும் குரலில் பால் வற்றவில்லை.
"சாப்பிட்டேம்மா" என்றான் என் அம்மாவிடம்.
"தயிருதான் புளிச்சுப்போச்சு. சளி இல்லைம்மா.
இங்கிலீஷ்ல மட்டும் கொஞ்சம் கம்மி."
அந்தப் பக்கம் அம்மா மூக்கை உறிஞ்சினாள்.
"என்ற சாமி. என்ற தங்கம்."

ஐந்து ஞாயிறு இப்படியே போனது.
அவன் வீட்டில் போன் இல்லை;
அவனுடைய மூணு நிமிஷத்தையும் என் அம்மாவுக்கே கொடுத்தான்.
ஒரு வாரம் போனை வைத்துவிட்டு வந்து
எனக்குச் சொன்னான்,
"நம்ம எருமை கன்னு போட்ருச்சாம்டா."

அரையாண்டு முடிந்து பெற்றோர் வந்த நாள்.
புங்கமரத்தடியில் அம்மா போசியைத் திறந்தாள்.
கச்சாயம். அவன் உள்ளங்கையில் இரண்டை வைத்து அழுத்தினாள்.
"எந்தூரு கண்ணு நீயி?"
"வெண்ணந்தூர்ப் பக்கமுங்க."
"அட, அங்க நமக்கு ஒறம்பரை இருக்குதே. ஊட்டுக்கு எப்படிப் போவோணும், ஊருக்குள்ளயா?"
"இல்லீங்க."

அவ்வளவுதான் கேட்டாள்.
சிரிப்புக்கூடக் குறையவில்லை.
மூன்றாவது கச்சாயம் மட்டும்
அரை சாண் உயரத்திலிருந்து விழுந்தது.
தண்ணீர்ச் சொம்பு என் பக்கமாக நகர்ந்தது.
"அக்கட்டால பைப்பு இருக்குது பாரு சாமி."

ஐந்து வாரம் அவளை அழவைத்த குரல்
எதிரில்தான் நின்றது.
அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.
எனக்குத் தெரியும்.
அம்மா, உன்கிட்டச் சளி இல்லைன்னு சொன்னது இவன்தான்
என்று சொல்ல ஏழு வார்த்தை போதும்.
கச்சாயத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
குரல் உடைகிற பையனை
ஏன் பேசவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

அவன் பைப்படிக்குப் போனான்.
குடித்தானா, கை கழுவினானா, பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு வரிசையில்
எனக்குப் பின்னால் வேறு யாரோ நின்றான்.
காசைப் போட்டேன்.
"அம்மா."
ஒரே துண்டாக வந்தது, உடையாமல்.
"ஏஞ்சாமி! நீயா?
அப்படியே உங்கொப்பன் பேசற மாதிரியே இருக்குது!"
சந்தோஷத்தில் பக்கத்தில் யாரையோ கூப்பிட்டாள்,
கேட்கச் சொல்லி.

இன்னும் இரண்டு நிமிஷம் மிச்சமிருந்தது.