ஆணி அடிக்கக் கூடாது

வாடகை நாலாயிரத்து ஐந்நூறு,
தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்,
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
செல்லூர் மாடி அறைக்குச் சாவி தரும்போது
கோவர்த்தனன் சார் சொன்ன மூன்றில்
மூன்றாவதை இரண்டு முறை சொன்னார்.

மேற்குச் சுவரில் ஈரம்
யானைமலை மாதிரியே படுத்திருந்தது,
தும்பிக்கையை நீட்டிக்கொண்டு.
அதைப் பற்றி ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

காசிமாயன் பைபாஸ் ரோட்டு குடோனில்
ஃபிரிட்ஜ் இறக்குகிறவன்.
முதல் வாரமே ஒரு டபுள் டோர் பெட்டியைத்
தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தான்.
அட்டைக்குக் கால் முளைத்ததென்று தெருநாய்கள் குரைத்தன.
"ஃபிரிட்ஜ் எங்கே?" என்றாள் இலக்கியா.
ஃபிரிட்ஜ் வாங்கினவங்க வீட்டில்
பெட்டிக்கு இடமில்லையாம், என்றேன்.

மூன்று தட்டு அலமாரி ஒன்று, முக்காலி ஒன்று.
அட்டைக்குள் ஓடும் நெளிவு
நிமிர்ந்து நின்றால் அரிசி டப்பாவைத் தாங்கும்,
படுத்துவிட்டால் சீப்பைக்கூடத் தாங்காது.
இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.
அரைப்படி உளுந்து
தரையெல்லாம் சிதறிச் சொன்னது.

பசைக்கு மைதா, ஒரு சிட்டிகை மயில்துத்தம்,
கட்சிக்காரர்கள் போஸ்டருக்குக் காய்ச்சும் அதே பதம்.
ஆணி கூடாது என்றார் சார்.
பசை கூடாது என்றாரா?

டவுன்ஹால் ரோடு அச்சகத்தில்
பத்திரிகை மடித்து, நான்கு மூலையிலும்
மஞ்சள் தடவுவது என் வேலை.
ஒருநாள் ஆவணி பதினெட்டு
ஆவணி இருபத்தெட்டாக அச்சாகிவிட்டது.
முதலாளி பல்லைக் கடித்தபடி
மூலையில் உதைத்துத் தள்ளிய முந்நூறையும்
இரண்டு கட்டைப்பையில் அள்ளிக்கொண்டு
பஸ் ஏறினேன்.

விசிறி மடிப்பு, வட்டம், வட்டத்துக்குள் வட்டம்.
நடுவே ஐம்பது ரூபாய்க் கண்ணாடி.
யானைமலை மறைந்தது.
தலைவாரப் பக்கத்தில் போனால்
மணமகன் பெயரில் பாதி தெரியும்,
ஒரு தாய்மாமனின் பட்டப்படிப்பு தெரியும்,
"தங்கள் நல்வரவை" வரை தெரியும்.
ஆவணி இருபத்தெட்டும் வந்தது.
காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள்
முந்நூறு கல்யாணம் எங்கள் சுவரில்
ஒருவரும் சாப்பிடாமல் முடிந்தது.

பத்தாம் மாதம் சார் மேலே வந்தார்.
சுவரைத் தட்டித் தட்டி ஓட்டை தேடினார்.
இல்லை.
பிறகு விளக்கைப் பார்த்தார்.
சைக்கிள் கம்பியில் சுருட்டிய பழைய பேப்பர்க் குழல்கள்,
உள்ளே ஜீரோ வாட் பல்பு,
கூரையெங்கும் வரிவரியாய் வெளிச்சம்.
முக்காலியில் உட்கார்ந்தார்.
எனக்கு மூச்சு நின்றது, முக்காலி நின்றது.
"இப்பதாம்மா வீடு வீடு மாதிரி இருக்கு" என்றார்.

அடுத்த மாதம் ஐந்நூறு கூட்டினார்.

காசிமாயன் கத்தினான்.
நான் கணக்குப் போட்டேன்:
மைதா நாற்பது, கண்ணாடி ஐம்பது, துத்தம் பத்து.
நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்நூறா?
மீட்டர் வட்டிக்காரன் கேட்டாலே
காலில் விழுவான் சாரின்.

வெந்நீர்த் துணியால் ஒற்றினால்
வலிக்காமல் பிரிந்து வந்தன எல்லாம்.
ஒரே ராத்திரி.
அலமாரியை மடித்தோம், முக்காலியை மடித்தோம்,
கல்யாணங்களைச் சேலைக்குள் சுருட்டினோம்.
காலையில் சாவி கொடுக்கும்போது
சுவரில் யானைமலை மட்டும் இருந்தது,
முன்னைவிடக் கொஞ்சம் பெருத்து.
சார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வில்லாபுரத்துக்கு ஒரே ஒரு ஆட்டோ.
பாத்திரம் காலடியில், வீடு மடியில்.
யானைக்கல் பாலம் ஏறும்போது தூறல்.
அட்டை நனைந்தால் அவ்வளவுதான்.
பெட்டியில் அச்சடித்திருந்த சின்னக் குடையை
விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு
இலக்கியா தன் ரெயின்கோட்டைக் கழற்றி
அதன்மேல் போட்டாள்.