தலை இடிக்கும் நிகழ்தகவு

ஹார்லிங்கன் துறைமுகத்தில்
கப்பல்களுக்கு உள்ளறை செய்யும் பட்டறை எங்களுடையது.
மாலுமிகள் தூங்கும் அறைக்கு
நிலை எவ்வளவு உயரம்?
கேள்வி என் மேசைக்கு வந்தது,
ஹெர்ரிங் மீன் வாசம் அடிக்கும் ஒரு தாளில்.

ஃப்ரிஸ்லாந்து ஆண்கள் நெட்டையர்கள்.
கம்பெனி மருத்துவரின் பதிவேட்டில்
சராசரி நூற்று எண்பத்து மூன்று சென்டிமீட்டர்,
திட்டவிலக்கம் ஏழு.
வளைவை வரைந்தேன்.
நடுவில் ஆட்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள்,
சனிக்கிழமைச் சந்தையில்
பாலாடைக்கட்டிக் கடை முன்னால் நிற்பதுபோல.
ஓரத்தில் குறைந்து குறைந்து
தரையைத் தொடப் போய்
தொடாமலே போய்க்கொண்டிருக்கிறது கோடு.
அந்தத் தொடாமை எனக்குப் பிடிக்கும்.
இப்படி ஒருவன் இருக்கவே முடியாது என்று
அது யாரையும் பார்த்துச் சொல்வதில்லை.

"நூற்றுத் தொண்ணூற்றேழு வைப்போம்" என்றார் யெல்மர்.
சராசரியைக் கழித்தேன்: பதினான்கு.
ஏழால் வகுத்தேன்: இரண்டு.
சென்டிமீட்டர் உதிர்ந்துவிட்டது,
எலும்பும் தொப்பியும் பெயரும் உதிர்ந்துவிட்டன,
வெறும் இரண்டு.
அட்டவணையில் அதன் வரிசையில்
காப்பிக் கறைக்கு அடியில்
0.9772.
ஒன்றிலிருந்து எடுத்தால், மிச்சம்
நூற்றுக்கு இரண்டேகால் பேர்.
"அந்தக் கால் பேருக்குத் தலை உண்டா?"
யெல்மர் அவர் நகைச்சுவைக்கு அவரே சிரித்தார்.
மரம் அறுபட்டது.

ஐம்பது ஆண்கள் ஏறிய கப்பல்
மூன்று வாரம் கழித்துத் திரும்பியது.
மூன்று நெற்றிகளில் பிளாஸ்திரி.

அதில் ஒன்று சமையல்காரன் வைப்ரனுடையது.
உன் உயரம் என்ன என்றேன்.
நூற்றுத் தொண்ணூற்றைந்து.
அப்படியானால் நீ இடித்திருக்க முடியாது,
இரண்டு சென்டிமீட்டர் மிச்சம் இருக்கிறது
என்று கணக்கைத் திருப்பிக் காட்டினேன்.
அவன் தாளைப் பார்க்கவில்லை.
குனிந்தான், நாடாவை அவிழ்த்தான்,
வலது பூட்ஸைக் கழற்றி
என் அட்டவணையின் மேலேயே வைத்தான்.

அடிப்பாகம் மூன்று சென்டிமீட்டர்,
பட்டறை அளவுகோலால் நானே அளந்தேன்.

மருத்துவர் அவர்களைக்
குளிர்ந்த ஓட்டுத் தரையில்
வெறுங்காலோடு நிறுத்தி அளந்திருக்கிறார்.
வெறுங்காலோடு கப்பலில் எவன் நடப்பான்?

திரும்ப உட்கார்ந்தேன்.
சராசரி நூற்று எண்பத்தாறு.
வளைவு கூனாமல் சரியாமல்
அதே உருவத்தோடு
மூன்று அடி எடுத்து வைப்பதுபோல் வலப்பக்கம் நகர்ந்தது.
நிலை நின்ற இடத்திலேயே நின்றது.
பதினொன்றை ஏழால் வகுத்தால் 1.57,
அட்டவணை சொன்னது 0.9418.
நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு,
ஐம்பதுக்கு மூன்று.

பொருந்தியதில் எனக்குப் பெருமையில்லை.
ஐம்பது பேர் சின்னக் கூட்டம்,
ஒரு நெற்றியோடும் வந்திருக்கலாம், ஆறோடும்.

நூற்றில் ஒருவன் மட்டும் இடிக்க வேண்டுமானால்
2.33 திட்டவிலக்கம் மேலே போக வேண்டும்,
இருநூற்றிரண்டைத் தாண்டிவிடுகிறது.
அங்கே தளத்தின் உத்திரம் ஓடுகிறது, இடமில்லை.
எனவே நிலைக்கு மேல்
ஆட்டுத்தோல் பட்டை ஒன்றை, கம்பளி வெளியே தெரிய,
ஆணி வைத்து அடித்தோம்.
கணக்கு மாறவில்லை. சத்தம் மட்டும் குறைந்தது.

என் அறைக் கதவு இரண்டு மீட்டர் முப்பது.
போகும்போது வைப்ரன் அதற்கும் குனிந்தான்.
அட்டவணையில் 1.5 வரிசைக்குக் குறுக்கே
பூட்ஸ் விட்டுப்போன சேறு.
துடைத்தால் எண்ணும் சேர்ந்து போய்விடும் என்று
அப்படியே விட்டிருக்கிறேன்.