வத்து நேரம்

இடமாற்றக் கடிதத்தில்
தூண்டிற்கோலைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
திருகோணமலையிலிருந்து வந்த லொறியில்
கட்டிலுக்கும் காஸ் சிலிண்டருக்கும் நடுவே
ஒன்பதடிக்கு நீட்டிப் படுத்து
அதுவும் தலவாக்கலை வந்து சேர்ந்தது.

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மாத்திரை எண்ணுகிறவள் நான்.
நாலு வருடம் அந்தத் துறைமுகத்தில்
ஐந்து மணிக்குப் பிறகு வேறொருத்தி.
ஓகஸ்ட் வெயிலை விடமாட்டேன் என்று
சீமெந்துக் கட்டு பிடித்து வைத்திருக்கும்.
செருப்போடு நிற்போம்,
நானும், எக்ஸ்ரே எடுக்கும் நிஹாராவும்.
இறாலைப் பாதியாய்க் கிள்ளிக் கொளுவியபடி
"இப்பப் போடு, வத்துத் தொடங்கிட்டுது" என்பாள்.
ஞாயிறென்றால்
கங்கை கடலில் விழும் கொட்டியார்க் கரை.
பாரை இழுத்தால் தோள்மூட்டுக்குத் தெரியும்.
கொடுவா இழுத்தால் ஊருக்கே தெரியும்.

இங்கே பங்குனி.
மழை பெய்து ஐம்பது நாள்.
தேக்கம் ஓரங்களில் உரிந்து கிடக்கிறது:
சிவந்த சேறு, ஒற்றைச் சப்பாத்து,
எந்தக் கட்சியினதோ
பாதி முகம் போன பதாகை.

கடலுக்கென வாங்கிய ஈயம், எண்பது கிராம்.
வீசினேன்.
தண்ணீரில் பாதியைத் தாண்டிப் போய்
யாரோ கோபத்தில் கல்லெறிந்ததுபோல் விழுந்தது.
நீர்க்காகங்கள் எழுந்து இடம் மாறின.
பாலத்தில் போன பஸ்ஸிலிருந்து
ஒருவன் கைதட்டினான்.

பக்கத்தில் யோகநாயகம்.
பேக்கரியில் இரவு வேலை,
சோடாப் போத்தலில் சுற்றிய நூல்,
இரைக்குப் பாண் மா.
சிரிக்காமலிருக்கப் பெரும்பாடு பட்டுத் தோற்று,
"சுறாவா மிஸ் புடிக்கப் போறீங்க?" என்றார்.
அவர் பையில் ஏற்கெனவே ஆறு திலாப்பியா
ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருந்தன.

இங்கே வத்து எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.
"வத்துன்னா?"
சொன்னேன்.
நிலா இழுக்கும், கடல் இறங்கும்,
இறங்கும் நீரோடு சின்னது போகும்,
சின்னதைத் தேடிப் பெரியது வரும்.
போத்தலை முழங்காலில் நிறுத்தி
கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இங்க நிலா இல்ல மிஸ். கரண்ட் போர்டு."

ஆறரை.
முதலில் ஹார்ட்வெயார் கடையின் பெயர்ப்பலகை.
பிறகு ரயில் நிலையம்.
பிறகு மேலே, ஒரு லயம், இன்னொரு லயம்,
பிறகு நான் போகாத ஊர்களில்
நான் பார்க்காத சமையலறைகள்
எல்லாம் ஒரே சமயத்தில்
சுவிட்சைத் தட்டியிருக்க வேண்டும்.

சேற்றில் குத்தி வைத்திருந்த குச்சி
ஒரு விரல் வளர்ந்தது.

நீர் போகிறது.
சுரங்கத்துக்குள் விழுந்து,
சக்கரத்தைச் சுற்றி, கொத்மலையில் தங்கி,
கண்டியை வளைத்து,
இன்னும் எத்தனை கதவு திறந்தால்
நிஹாராவின் காலடிக்குப் போகுமோ.
அதே கங்கை.
முகத்துவாரத்துக்கு வந்தவள்
முந்நூறு கிலோமீட்டர் முன்னாலேயே
இறங்கிவிட்டேன், அவ்வளவுதான்.

அப்போது நூல் நடந்தது.
தோளுக்குத் தெரியவில்லை.
சுட்டுவிரலின் உட்புறம்,
நாடி பார்க்கும்போது தட்டுமே, அப்படி.
கெண்டை.
ஈயத்தைவிடக் கொஞ்சம் கனம்.

படம் அனுப்பினேன்.
உடனே பதில் வந்தது:
"இது மீனா, இரையா?"

யோகநாயகம் பையின் வாயைத் திறந்தபடி
வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்:
"விடுவீங்களா மிஸ், இல்ல..."
திருகோணமலையில் விட்டிருப்பேன்.
அவர் வீட்டில் எத்தனை பேர் என்று தெரியாது.
ஏழாவதாகப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து பழக்கதோஷத்தில்
ரீலைக் குழாயடியில் பிடித்தேன்.
கழுவிவிட உப்பு இல்லை.
இருந்தாலும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக்
கொஞ்சம் கழுவினேன்.

பிறகு சமையலறை விளக்கை அணைத்துவிட்டு
இருட்டில் நின்றேன்,
ஒரு மயிரிழை நீராவது
அங்கே ஏறுகிறதா என்று.