ஒன்பதாம் பக்கம், நான்காம் பத்தி

தம்தின் அறிக்கை படிப்பது லிஃப்டில்.
தரைத்தளத்திலிருந்து ஐந்தாம் மாடிக்கு நாற்பது வினாடி.
அதற்குள் கண்ணில் பட்டது எதுவோ
அதுதான் உலான்பாட்டரின் சூடு பற்றி
நிர்வாகக் குழுவுக்குத் தெரிந்தது.

இது எனக்குச் செப்டம்பரிலேயே தெரியும்.
தெரிந்தும் பதினான்கு பக்கம் எழுதினேன்.
முன்னுரை வைத்தேன்.
வெப்ப நிலையத்தின் வரலாறு வைத்தேன்.
மூன்று நிறத்தில் வட்டப்படம் வைத்தேன்,
பச்சை நன்றாக வந்திருந்தது.
வீடுகளுக்கு வெந்நீர் தள்ளும் மூன்றாம் பம்பில்
வளையம் தேய்ந்துவிட்டது என்பதை
ஒன்பதாம் பக்கம் நான்காம் பத்தியில்
‘கணிசமான தேய்மானம் கவனிக்கப்பட்டுள்ளது’ என்று
போர்த்திப் படுக்கவைத்தேன்.
காலடியில், வழக்கம்போல,
‘ஆவன செய்யப்படும்.’

ஜனவரி பத்தொன்பது. வெளியே மைனஸ் முப்பத்தாறு.
யாராவது படிக்கட்டும் என்று வளையம் காத்திருக்கவில்லை.
இரவு இரண்டு பத்துக்கு உடைந்தது.
நாற்பத்தொரு கட்டடம், பதினோரு மணி நேரம்.
பதிமூன்றாம் வட்டாரத்தில் ஒருத்தி
மின்னடுப்பின் கதவைத் திறந்துவைத்து
அதன் எதிரே இரட்டைப் பிள்ளைகளைக் கிடத்தினாள்.
திருகாணி சிறியது என்று
லுவ்சான் கையுறையைக் கழற்றினான்.
இரண்டு விரல் நுனிகள்
இப்போது அவனிடம் இல்லை.

காலையில் நிலையத்திலிருந்து வரைவு வந்தது:
விநியோகம் தடைப்பட்டது.
பணியாளர் ஒருவர் பாதிக்கப்பட்டார்.
பழுது நீக்கப்பட்டது. ஆய்வு மேற்கொள்ளப்பட்டது.
பட்டது, பட்டது, பட்டது.
சரி, பட்டது யார்?
வினைகள் எல்லாம் நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கின்றன.
எழுவாய் மட்டும் விடுப்பில்.

உப்புப் பால்தேநீர் ஆறி ஏடு கட்டும்வரை வெட்டினேன்.
வரலாறு போனது. வட்டப்படம் போனது, பச்சையும்தான்.
‘கணிசமான’ போன இடத்தில் ஓர் எண் வந்து நின்றது.
‘தங்கள் மேலான கவனத்திற்கு’ என்பதை எடுத்தபோது
தொப்பியில்லாமல் தெருவுக்கு வந்ததுபோல இருந்தது.

மிஞ்சியது அரைப் பக்கம்.
முதல் வரி: நான்காம் பம்பின் வளையத்தை
வெள்ளிக்கிழமைக்குள் மாற்ற ஒப்புதல் வேண்டும்.
இரண்டாம் வரி: எண்பத்தாறு லட்சம் துக்ரிக்.
மூன்றாம் வரி: இரண்டு பம்புக்கும் ஒரே வயது.
நான்காம் வரியில் லுவ்சான்டோர்ஜ், முழுப் பெயருடன், விரல்களுடன்.
ஐந்தாம் வரியை அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன்:
செப்டம்பரில் இதை ஒன்பதாம் பக்கத்தில் எழுதினேன்.
முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். நான், டுல்மா.

பக்கத்து மேசை செரென்காந்த் எட்டிப் பார்த்தாள்.
“இது அறிக்கையா, வாக்குமூலமா?
அரைப் பக்கம் கொடுத்தால் அரை நாள் வேலை என்பார்கள்.
இணைப்பு ஒன்றாவது வை.”
வைத்தேன்.
இணைப்பு ஒன்று: வளையம், பாதி.
வளையல் துண்டுபோல இருந்ததைக்
காகிதத்தோடு சேர்த்துக் கிளிப்பில் மாட்டினேன்.

லிஃப்டில் நானும் ஏறிக்கொண்டேன்,
ஏழாம் மாடியில் வேலை இருப்பவள் மாதிரி.
இரண்டாம் மாடியில் அவர் பேனாவைத் தேடினார்.
மூன்றில் கையெழுத்துப் போட்டார்,
சுவரில் காகிதத்தை அழுத்தி, கோணலாக.
அவ்வளவுதான் என்று நினைத்தேன்.
நான்கில் மறுபடி படித்தார்.
வளையத்தைக் கட்டைவிரலால் தடவியபடி கேட்டார்:
“லுவ்சானுக்கு எந்தக் கை?”

வெட்டியதில் அது இல்லை.
பதினான்கு பக்கம் எழுதியிருந்தாலும் இருந்திருக்காது.
நான் கேட்கவே இல்லை.

ஐந்தில் கதவு திறந்தது, அவர் போனார், மூடியது.
ஏழாம் மாடியில்
எனக்கு ஒரு வேலையும் இல்லை.