குப்பை எடுக்காத செவ்வாய்

ஸ்டான்லி, மூன்றாம் மாடி.
இந்த வாரம் தொப்புளுக்கு இடப்பக்கம்.
ஊசியைத் தட்டிக்கொண்டே ஷமீமா டாக்டர் சொன்னார்:
எலும்புச் சோற்றில் கெட்டுப்போன செல்
ராப்பகலாய்ப் புரதம் அடிக்கிறதாம்,
பாதிக்கு மடிப்பே சரியாய் விழவில்லையாம்.
கோணலையெல்லாம் அரைத்துத் தள்ள
அதற்குள்ளேயே ஒரு மெஷின்.
"அந்த மெஷினைத்தான் நிறுத்தறோம்."

சிரிப்பு வந்துவிட்டது.
இருபத்தாறு வருஷம்
கொடுங்கையூருக்குக் குப்பை லாரி ஓட்டியவன் நான்.
"ஸ்ட்ரைக்னு சொல்லுங்க மேடம்."

நாங்களும் பண்ணினோம் ஒரு தடவை, பதினோரு நாள்.
சந்து வீடுகள் சமாளித்தன,
ஒரு வாளி, மேலே ஒரு தட்டு.
முதலில் அலறியது கல்யாண மண்டபம்.
தினம் ஆயிரம் இலை விழுகிற இடம்.

"அதேதான்" என்றார்.
"நல்ல செல் கொஞ்சம் தாங்கும். இது தாங்காது.
உள்ளே மணி அடிக்கும், உற்பத்தியைக் குறைன்னு.
அப்புறமும் குவிஞ்சா
அதே மணி, செத்துப்போன்னு."

காப்பாற்ற வைத்த மணியா,
என்று கேட்க நினைத்தேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

ஏழாவது ஊசியில் பாதம் மரத்தது.
செருப்பைக் கழற்றிவிட்டுத் தேடியும்
கிளட்ச் கிடைக்கவில்லை.
இப்போது என் வண்டி தேசப்பனிடம்.

எழில் நகரில் ராத்திரி
மேட்டிலிருந்து புகை இறங்குகிறது.
வயிற்றில் கை வைத்துப் படுத்திருக்கிறேன்.
மணிச்சத்தம் ஒன்றும் வெளியே கேட்காது.
தெருமுனையில் தேசப்பன்
இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றுகிறான்.
என் இடது கால் தரையை அழுத்துகிறது.
அழுத்தியதா என்று
குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.