பதினொரு நொடிக்கான ஆட்டம்

கதைப்படி ஆண்டு எண்பத்து நான்கு.
கிளாஸ்கோவில் மழை; அது மட்டும் அசல்.
முதுகு புடைத்த பழைய டிவிக்குப் பின்னால்
ஒளிந்திருக்கிறது என் மடிக்கணினி.
எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ஒரு வீரன்.
நான்கே நிறம்,
மூக்குக்கு ஒரு புள்ளி.

ரூரி எந்தப் பொத்தானை அழுத்தினாலும்
பதினோராம் நொடியில் வீரன் குழியில் விழுவான்.
அப்போதுதான் கதவைத் திறந்து
அப்பா வர வேண்டும்.

ஆறாவது டேக்.
பையன் கண்ணில் நிஜமாகவே நீர்:
"எனக்கு விளையாடவே வரலை."
"பிரமாதம், அழுகையைத் துடைக்காதே" என்கிறார் இயக்குநர்.

சாப்பாட்டு இடைவேளையில்
குழியைத் தூர்த்தேன்.
அதற்கப்பால் நான் எதையும் வரைந்திருக்கவில்லை,
வெறும் கறுப்பு.
சாண்ட்விச்சை மென்றபடி
அதற்குள்
வீரனை ஓட்டிக்கொண்டே இருக்கிறான் ரூரி.
விளக்குகள் போட்டாயிற்று.
கூப்பிடுகிறார்கள்.